பிற இனத்தவரை வரையக் கற்றுக்கொண்ட ஹேர்ஜே

எமது பள்ளிப் பருவத்தில் சித்திரக்கதை நூல்கள் கைமாறிக் கைமாறியே வாசிக்கப்பட்டன. தமிழகத்திலிருந்து வந்த இரும்புக்கை மாயாவியின் சாகசங்கள் அட்டை கிழிந்து, பக்கங்கள் உதிர்ந்து, பல வேளைகளில் முடிவு இல்லாமலே எம்மை வந்தடைந்தன. அவ்வாறான ஒரு நாளில் வகுப்புத் தோழரான முஸ்லிம் நண்பர் ஒருவர், கொழும்பிலிருந்து உறவினர் கொண்டுவந்ததாகக் கூறி ஆங்கிலச் சித்திரக்கதை நூலொன்றை எமக்குக் காட்டினார். நெற்றியின் மேல் மயிர்க்கற்றை நிமிர்ந்து நிற்கும் இளம் செய்தியாளர் ஒருவர், அவருடைய வெள்ளை நாய், கறுத்த தாடியுடைய முன்கோபக்காரக் கப்பற் தலைவர் ஆகியோரே அதன் முக்கிய பாத்திரங்கள். ஹஜ் கடமையை நிறைவேற்ற மக்கா செல்லும் நோக்குடன் கப்பலேறிய ஆபிரிக்க முஸ்லிம்களை அடிமைகளாக விற்க முயலும் கூட்டத்தைப் பற்றியது அக்கதை. ஆங்கிலம் எமக்கு அரைகுறையாகவே விளங்கியது. ஆயினும் கப்பலின் அடித்தளத்தில் அடைபட்டிருந்த மனிதர்களைக் கண்டதும் நண்பர் படிப்பதை நிறுத்திவிட்டு, தமது பாட்டனார் கப்பலில் மக்கா சென்று திரும்பிய கதையை எமக்குச் சொன்னது இன்றும் நினைவில் நிற்கின்றது.

அந்த இளம் செய்தியாளரின் பெயர் டின்டின். அவரைப் படைத்தவர் ஹேர்ஜே என்னும் புனைபெயரால் உலகறிந்த பெல்ஜிய ஓவியர் ஜோர்ஜ் ரெமி. அவருடைய நூல்கள் 70 இற்கும் மேற்பட்ட மொழிகளில் பெயர்க்கப்பட்டு, 20 கோடிக்கும் அதிகமான பிரதிகள் விற்பனையாகியுள்ளன. ஒரு மனிதர் பிற இனத்தவரை எவ்வாறு பார்க்கிறார், அப்பார்வையை எவரிடமிருந்து பெறுகிறார், அதனை மாற்றிக்கொள்ள அவரால் முடியுமா என்னும் வினாக்களுக்கு விடை தேடுவோருக்கு ஹேர்ஜேயின் வாழ்க்கை ஒரு பாடநூல் எனலாம். இனங்களுக்கிடையிலான அவநம்பிக்கை தேர்தல் மேடைகளில் பிறப்பதாகவே நாம் பெரும்பாலும் எண்ணுகின்றோம். உண்மையில் அது மேடைக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே பாலர் பாடங்களிலும் விளையாட்டுப் பேச்சுகளிலும் படக்கதைகளிலும் குடிகொண்டுவிடுகின்றது.

ஜோர்ஜ் ரெமி 1907 மே 22 ஆம் திகதி பிரசல்ஸ் நகரின் எட்டர்பேக் பகுதியில் நடுத்தரக் குடும்பமொன்றிற் பிறந்தார். பாடசாலைப் புத்தகங்களின் ஓரங்களையெல்லாம் படங்களால் நிரப்பிய அவருக்கு, கத்தோலிக்கச் சாரணர் இயக்கமே முதல் உலகமாயிற்று. தமது பெயரின் முதலெழுத்துகளைத் தலைகீழாக்கி உச்சரித்தபோது கிடைத்ததே ஹேர்ஜே என்னும் பெயர். பள்ளிப் படிப்பை முடித்ததும் பிரசல்ஸில் வெளியான கத்தோலிக்கப் பழைமைவாத நாளேடு ஒன்றில் அவர் பணிக்குச் சேர்ந்தார். அதன் பணிப்பாளராக விளங்கிய அருட்தந்தை நோர்பேர் வாலே, இத்தாலியின் முசோலினியைப் போற்றியவர், கம்யூனிசத்தை வெறுத்தவர், பெல்ஜியத்தின் குடியேற்ற ஆட்சியைப் புனிதப் பணியெனக் கருதியவர். அந்த நாளேட்டின் சிறுவர் இணைப்புக்கு 1928 இல் ஹேர்ஜே பொறுப்பாக்கப்பட்டார். 1929 ஜனவரி 10 ஆம் திகதி டின்டின் அதன் பக்கங்களில் முதன்முதலாகத் தோன்றினார். முதற் பயணம் சோவியத் நாட்டுக்கு. எங்கு செல்வது, எதைக் காண்பது என்பதைத் தீர்மானித்தவர் வாலே. வரைந்தவர் 21 வயது ஹேர்ஜே.

இரண்டாவது பயணம் கொங்கோவுக்கு அமைந்தது. 1885 முதல் 1908 வரை கொங்கோ, பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டின் தனிச் சொத்தாக இருந்தது. இறப்பருக்காகவும் யானைத் தந்தத்துக்காகவும் அம்மக்கள் அனுபவித்த கொடுமை அக்காலத்திலேயே உலகின் கண்டனத்துக்குள்ளானது. பின்னர் பெல்ஜிய அரசு அதனைப் பொறுப்பேற்று 1960 வரை ஆண்டது. குடியேற்ற நாட்டுக்குச் சென்று பணிபுரியும் ஆர்வத்தை இளைஞரிடையே தூண்டவேண்டும் என்பதே வாலேயின் விருப்பம். ஹேர்ஜே கொங்கோவைக் கண்டதில்லை. பிரசல்ஸுக்கு அருகில் தெர்வூரன் நகரிலிருந்த குடியேற்ற நூதனசாலையும், மதப்பணியாளரின் ஏடுகளுமே அவருக்குக் கொங்கோவாக இருந்தன. 1930 முதல் 1931 வரை வெளியான அக்கதையில் ஆபிரிக்கர் அனைவரும் தடித்த உதடுகளுடன் ஒரே முகத்தினராகவும், சோம்பேறிகளாகவும், குழந்தைப் புத்தியினராகவும் வரையப்பட்டனர். டின்டின் வகுப்பறையொன்றில் நின்று, பெல்ஜியமே உங்கள் தாய்நாடு எனும் கருத்தில் கறுப்பினச் சிறுவர்களுக்குப் பாடம் நடத்துகிறார். இறுதிப் பக்கத்தில் அவ்வூர் மக்கள் டின்டினுக்கும் அவருடைய நாய்க்கும் சிலை வைத்து வணங்குகின்றனர்.

இதனை வரைந்தபோது ஹேர்ஜேயின் மனதில் ஆபிரிக்கர் மீது வன்மம் இருந்தது என்பதற்கு ஆதாரமில்லை. சுற்றியிருந்தோர் அனைவரும் கூறியதையே அவரும் வரைந்தார். எவரும் அவரைக் கண்டிக்கவில்லை. மாறாக வாசகர்கள் களித்தனர், விற்பனை உயர்ந்தது. வெறுப்பு நிறைந்த மனிதரை நாம் எளிதில் இனங்கண்டு விலகிவிடலாம். நல்ல இயல்புடைய ஓர் இளைஞர், எவ்விதத் தீய எண்ணமுமின்றி, ஓர் இனம் முழுவதையும் இழிவுபடுத்தும் நூலொன்றை உருவாக்கி அதனைச் சிறுவர்களின் கையில் கொடுத்தமையே இங்கு எம்மைச் சிந்திக்கவைக்கின்றது.

ஆயினும் அவருடைய கண்கள் முற்றாக மூடியிருந்தன எனவும் கூறமுடியாது. அடுத்து வந்த 'அமெரிக்காவில் டின்டின்' கதையில் செவ்விந்தியரைக் கேலிக்குரிய பாணியிலேயே வரைந்தபோதிலும், ஓரிடத்தில் அவர் கை வேறு விதமாக ஓடியது. செவ்விந்தியரின் நிலத்தில் எண்ணெய் ஊற்றெடுக்கின்றது. வெள்ளை வணிகர் அதற்குப் பெருந்தொகை பேசுகின்றனர். நிலம் செவ்விந்தியருடையது என அறிந்ததும், துவக்கு முனையில் துருப்பினர் அவர்களை மிகக் குறுகிய அவகாசத்தில் வெளியேற்றுகின்றனர். மறுநாளே அங்கு நகரமொன்று எழுகின்றது. தமது நாட்டின் குடியேற்றத்தில் காணாத அநீதியை, பிறர் நாட்டில் நடந்தபோது ஹேர்ஜேயால் காண முடிந்தது. இது அவருக்கு மாத்திரம் உரிய குறைபாடல்ல.

அவர் வாழ்வின் பெருந் திருப்பம் 1934 இல் நிகழ்ந்தது. டின்டினின் அடுத்த பயணம் சீனாவுக்கு என அறிவிக்கப்பட்டதும், லூவன் பல்கலைக்கழகத்தில் கற்ற சீன மாணவர்களின் ஆன்மீக வழிகாட்டியான அருட்தந்தை கோசே அவருக்குக் கடிதம் எழுதினார். ஐரோப்பியர் வழமையாகக் காட்டும் சீனரையே நீங்களும் வரைந்தால் இம்மாணவர்கள் புண்படுவர், முதலில் சீனாவைப் பற்றி அறிந்துகொள்ளுங்கள் என்பதே அதன் சாரம். வாசகர் ஒருவரின் ஆட்சேபத்தைப் புறந்தள்ளுவது பத்திரிகைக்காரருக்கு மிக எளிது. ஹேர்ஜே அவ்வாறு செய்யவில்லை. கோசேயின் மூலம் 1934 மே முதலாம் திகதி, பிரசல்ஸ் நுண்கலைக் கல்லூரியில் சிற்பம் பயின்றுகொண்டிருந்த சாங் சொங்-ரென் என்னும் ஷங்ஹாய் இளைஞர் ஹேர்ஜேயின் வீட்டுக்கு வந்தார். இருவரும் ஒரே ஆண்டிற் பிறந்தவர்கள், இருவரும் கத்தோலிக்கர், இருவரும் ஓவியர்கள்.

அன்று முதல் இருவரும் தொடர்ந்து சந்தித்து உரையாடினர். சாங் தமது நாட்டின் வரலாற்றையும், வீடுகளின் அமைப்பையும், தூரிகை பிடிக்கும் முறையையும், ஒரு மரத்தையோ கல்லையோ அதன் உயிர்ப்போடு வரைவது எவ்வாறென்பதையும் ஹேர்ஜேக்கு எடுத்துரைத்தார். 1931 செப்டெம்பரில் மஞ்சூரியாவில் தண்டவாளமொன்று தகர்க்கப்பட்டதைச் சாட்டாகக் கொண்டு ஜப்பான் படையெடுத்ததன் உண்மைப் பின்னணியையும் விளக்கினார். இதன் விளைவே 1934 ஆகஸ்டிலிருந்து 1935 ஒக்டோபர் வரை வெளியான 'நீலத் தாமரை'. ஐரோப்பியச் செய்தித்தாள்களிற் பல ஜப்பானின் கூற்றையே எதிரொலித்த காலத்தில், சிறுவர் இணைப்பொன்று சீனரின் பக்க நியாயத்தைக் கூறிற்று. கதையில் வரும் ஷங்ஹாய் வீதிச் சுவர்களிலும் பதாகைகளிலும் சீன எழுத்துகளைச் சாங் தம் கையாலேயே எழுதினார். ஏகாதிபத்தியம் ஒழிக, ஜப்பானியப் பொருட்களைப் பகிஷ்கரியுங்கள் என்னும் கருத்துடைய அவ்வாசகங்களை அக்கால பெல்ஜியச் சிறுவர் எவரும் படித்தறிந்திருக்க முடியாது.

அந்நூலில் ஒரு காட்சி உண்டு. ஷங்ஹாய் வீதியில் ரிக்ஷா இழுப்பவரைத் தாக்கும் வெள்ளைக்கார வணிகரை டின்டின் தடுக்கிறார். பிறிதோரிடத்தில் வெள்ளத்தில் அள்ளுண்டு போகும் அநாதைச் சிறுவன் ஒருவனைக் காப்பாற்றுகிறார். அச்சிறுவனுக்கும் சாங் என்றே பெயர். தமது பாட்டனாரையும் பாட்டியாரையும் வெள்ளையர் கொன்றதால் வெள்ளையர் அனைவரும் தீயவரே என நம்பியிருந்த சிறுவன், நீங்கள் ஏன் என்னைக் காப்பாற்றினீர்கள் என வியக்கின்றான். டின்டினும் ஐரோப்பியர் சீனரைப் பற்றிக் கொண்டிருக்கும் கற்பனைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கூறுகிறார். சீனர் யாவரும் வஞ்சகர், கொடியவர், பிறக்கும் பெண் குழந்தைகளை ஆற்றில் எறிபவர் என்றெல்லாம் நம்பப்படுவதைக் கேட்டுச் சாங் வாய்விட்டுச் சிரிக்கின்றான். இரு சாராருமே ஒருவரைப் பற்றி ஒருவர் பொய் நம்பிக்கைகளை வளர்த்திருந்தனர் என்பதும், அவை ஒரு சில நிமிடப் பேச்சில் கலைந்துவிடக் கூடியவை என்பதும் சிறுவர்களுக்குப் புரியும் விதத்தில் அங்கு காட்டப்படுகின்றது.

இத்துடன் ஹேர்ஜேயின் கண்கள் முற்றாகத் திறந்துவிட்டன என முடிப்பது இனிமையாக இருக்கும். வரலாறு அவ்வாறு முடியவில்லை. அதே 'நீலத் தாமரை'யில் ஜப்பானியர் முன்தள்ளிய பற்களுடனும் பன்றி போன்ற மூக்குடனும் வரையப்பட்டனர். சீனரை மனிதராகக் காணக் கற்றுக்கொடுக்க ஒரு சாங் இருந்தார். ஜப்பானியரின் சார்பில் அவ்வீட்டுக் கதவைத் தட்ட எவரும் இருக்கவில்லை. ஜப்பானிய அரசின் ஆக்கிரமிப்பைக் கண்டித்த கை, ஜப்பானியர் என்ற இனத்தையே அவலட்சணமாக்கிற்று. அநீதிக்குள்ளான ஒரு மக்களுக்காகப் பேசும்போது இன்னொரு மக்களை இழிவுபடுத்தும் இத்தவறை, நியாயமான போராட்டங்களிலும் நாம் கண்டதுண்டு.

1938 - 39 இல் வெளியான 'ஒட்டோகர் மன்னரின் செங்கோல்' கதையில், சிறிய நாடொன்றை விழுங்க முயலும் சர்வாதிகாரக் கூட்டத்தை ஹேர்ஜே சாடினார். அக்கூட்டத்தின் தலைவனுக்கு முசோலினி, ஹிட்லர் ஆகிய இருவரின் பெயர்களையும் இணைத்துப் பெயர் சூட்டினார். ஆனால் 1940 மே மாதம் ஜேர்மனி உண்மையாகவே பெல்ஜியத்தை விழுங்கியபோது அவருடைய துணிவு நிலைக்கவில்லை. அவர் பணியாற்றிய நாளேடு நின்றுபோயிற்று. நாட்டின் முன்னணிப் பத்திரிகையான 'லு ஸ்வார்' ஜேர்மனியரின் கட்டுப்பாட்டில் மீண்டும் வெளிவந்தது. அதன் உரிமையாளர்களின் சம்மதமின்றி வெளியானமையால் மக்கள் அதனைத் திருடப்பட்ட ஏடு என்றே அழைத்தனர். அந்த ஏட்டில் 1940 ஒக்டோபரில் ஹேர்ஜே சேர்ந்தார். முன்னையதைவிடப் பன்மடங்கு வாசகர்கள் அவருக்குக் கிடைத்தனர். அவ்வாசகர்கள் டின்டினைப் படித்த அதே ஏடு யூதர்களைத் தூற்றும் கட்டுரைகளையும் தாங்கி வந்தது.

1941 ஒக்டோபரிலிருந்து 1942 மே வரை அதில் வெளியான 'மர்ம நட்சத்திரம்' கதையின் வில்லன், புளூமென்ஸ்டீன் என்னும் யூதப் பெயரும் வளைந்த பெருமூக்கும் கொண்ட அமெரிக்க நிதி முதலாளி. உலகம் அழியப் போகின்றதெனக் கேட்ட யூத வணிகர் இருவர், கடனைத் திருப்பிச் செலுத்தத் தேவையில்லை என மகிழ்வதாகவும் ஒரு படம் அதில் இடம்பெற்றது. கதை நிறைவெய்திய அதே மே மாத இறுதியில், பெல்ஜியத்தின் யூதர்கள் மஞ்சள் நட்சத்திரத்தை ஆடையில் அணியவேண்டுமென ஜேர்மனிய ஆட்சி கட்டளையிட்டது. ஆகஸ்டில் மெக்கெலன் நகரிலிருந்து முதற் புகையிரதம் ஒஸ்விட்ஸ் கொலை முகாமை நோக்கிப் புறப்பட்டது. 1944 வரை அங்கிருந்து 25,000 இற்கும் மேற்பட்ட யூதரும், 350 இற்கும் மேற்பட்ட றோமா நாடோடி மக்களும் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களிற் பெரும்பாலானோர் திரும்பவேயில்லை. ஒரு சித்திரக்கதை எவரையும் புகையிரதத்தில் ஏற்றுவதில்லை. ஆயினும் அயல் வீட்டார் அழைத்துச் செல்லப்படுவதைக் கண்டும் யன்னலைச் சாத்திக்கொள்ளும் மனநிலைக்கு இத்தகைய படங்களும் பங்களித்திருக்கும் என்பதை மறுக்க இயலாது.

1944 செப்டெம்பரில் பிரசல்ஸ் விடுதலை பெற்றதும் ஹேர்ஜே நான்கு தடவைகள் கைதானார். ஓர் இரவைச் சிறையிற் கழித்தார். ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பத்திரிகைகளில் வெளியிடமுடியாத நிலையில் இருந்தார். இறுதியில் வழக்கு கைவிடப்பட்டது. அவருக்கு மறுவாழ்வளித்தவர், நாஸிகளுக்கு எதிரான இரகசிய இயக்கத்தில் பங்குகொண்டிருந்த ரேமொன் லெப்ளான் என்பது குறிப்பிடத்தக்கது. லெப்ளானின் முயற்சியால் 1946 செப்டெம்பரில் 'டின்டின்' வார இதழ் வெளிவரத் தொடங்கிற்று.

அதன் பின்னர் தமது பழைய நூல்களை ஹேர்ஜே தொடர்ந்து திருத்தினார். இத்திருத்தங்கள் தனியாக ஆராயத்தக்கவை. 1946 இல் கொங்கோக் கதையின் வர்ணப் பதிப்பில், தாய்நாடு பெல்ஜியம் என்ற பாடம் கணிதப் பாடமாயிற்று. ஆபிரிக்கரின் முகங்கள் அவ்வாறே இருந்தன. அதே நூலில் காண்டாமிருகமொன்று வெடிமருந்து வைத்துச் சிதறடிக்கப்படும் காட்சி இருந்தது; 1975 இல் ஸ்கண்டிநேவியப் பதிப்பாளர்கள் கேட்டுக்கொண்டதற்கிணங்க அதனை மாற்றி வரைந்தார். விலங்குக்குக் கிடைத்த பரிவு அம்மக்களின் உருவத்துக்குக் கிடைக்கவில்லை. 'மர்ம நட்சத்திரம்' நூலாகியபோது கடன்கார யூதர் இருவரின் படம் நீக்கப்பட்டது. 1950 களில் வில்லனின் பெயர் மாற்றப்பட்டது. அவருடைய நாடும் கற்பனை நாடாயிற்று. புதிதாகச் சூட்டிய பெயரும் யூதரிடையே வழங்கும் பெயர்தான் என்பது பின்னரே அவருக்குத் தெரியவந்தது. மூக்கு மாறவில்லை.

'கறுப்புப் பொன்னின் நாடு' எனும் கதைக்கு நேர்ந்ததும் இவ்வகையினது. பிரித்தானிய ஆட்சிக்குட்பட்ட பலஸ்தீனத்தில், அரபுக்களும் யூத ஆயுதக் குழுக்களும் பிரித்தானியத் துருப்பினரும் மோதும் சூழலில் அமைந்த கதை அது. பிரித்தானியப் பதிப்பாளரின் வேண்டுகோளின்படி 1971 இல் அது மீள வரையப்பட்டபோது பலஸ்தீனம் கற்பனைத் தேசமொன்றாகிவிட்டது. புண்படுத்தக்கூடியது நீங்கியதோடு, வரலாறும் நீங்கிவிட்டது. அதேவேளை பழைய பதிப்பில் அரபு என்ற பெயரில் கிறுக்கப்பட்டிருந்த பொருளற்ற கோடுகள் அகற்றப்பட்டு, உண்மையான அரபு எழுத்துகள் இடம்பெற்றன. சீன எழுத்துகளைச் சரியாக எழுதி ஏறத்தாழ 35 ஆண்டுகளுக்குப் பின்னரே அரபு எழுத்துகளுக்கு அக்கௌரவம் கிட்டியது.

நாம் பள்ளிப் பருவத்திற் படித்த 'செங்கடற் சுறாக்கள்' 1956 - 58 இல் வெளிவந்தது. ஹஜ் யாத்திரிகர்கள் அடிமைகளாக விற்கப்படும் கொடுமையைக் கண்டிப்பதே அதன் நோக்கம். கப்பற் தலைவர் ஹடொக் அம்மக்களுக்காகக் கொதித்தெழுகின்றார். கொங்கோக் கதையின் பழிக்கு ஈடுசெய்ய எண்ணியே ஹேர்ஜே இதனை வரைந்திருக்கவும் கூடும். ஆனால் அந்த ஆபிரிக்கர்கள் பேசிய மொழி கொச்சையாக, குழந்தைகளின் மழலை போன்று எழுதப்பட்டிருந்தது. 1962 இல் 'இளம் ஆபிரிக்கா' எனப் பொருள்படும் பெயருடைய பிரெஞ்சு மொழிச் சஞ்சிகை இதனைக் கண்டித்தது. 1967 இன் பதிப்பில் ஹேர்ஜே அவ்வுரையாடல்களைத் திருத்தியமைத்தார். நல்ல நோக்கம் மட்டும் போதாது, எவருக்காகப் பேசுகின்றோமோ அவர் எம் பேச்சைக் கேட்டு என்ன சொல்கிறார் என்பதையும் கேட்கவேண்டும் என்பதை இச்சம்பவம் உணர்த்துகின்றது.

முதுமையை நெருங்கிய காலத்தில் அவர் படைத்த இரு நூல்கள் அவருடைய மன முதிர்ச்சியைக் காட்டுவன. மணவாழ்வு முறிந்து, வெண்பனி நிறைந்த கனவுகளால் அவர் அலைக்கழிக்கப்பட்ட வேளையில் 1958 - 59 இல் 'திபெத்தில் டின்டின்' பிறந்தது. விமான விபத்தில் இறந்ததாக நம்பப்படும் நண்பன் சாங்கைத் தேடி டின்டின் பனிமலைகளுக்குச் செல்கிறார். இக்கதையில் வில்லன் எவருமில்லை. எல்லோரும் அஞ்சும் பனிமனிதன்கூட, அச்சிறுவனுக்கு உணவூட்டிக் காத்த உயிராகவே வெளிப்படுகின்றது. 1961 - 62 இல் வெளியான 'கஸ்தாஃபியோரின் நகைகள்' கதையில் றோமா மக்கள் குப்பைமேட்டருகே கூடாரமிட்டுத் தங்க வைக்கப்பட்டிருக்கின்றனர். ஹடொக் அவர்களைத் தமது வளவுக்கு அழைக்கின்றார். பாடகி ஒருவரின் மரகதம் காணாமற்போகின்றது. விசாரணை தொடங்கு முன்பே பொலிஸார் அம்மக்களைச் சந்தேகிக்கின்றனர். ஊராரும் அவ்வாறே. டின்டின் மட்டும் நம்ப மறுக்கின்றார். இறுதியில் மரகதத்தைக் களவாடியது ஒரு பறவை எனத் தெரியவருகின்றது. மெக்கெலனிலிருந்து றோமா மக்கள் கொண்டுசெல்லப்பட்ட நாட்களில் மௌனமாயிருந்த ஓவியர், ஏறத்தாழ 20 ஆண்டுகள் கழித்து அவர்களுக்காகத் தம் பாத்திரத்தைப் பேசவைத்தார்.

உண்மையான சாங் 1935 இல் சீனா திரும்பியிருந்தார். போரும் புரட்சியும் குறுக்கிட்டதால் தொடர்பு அறுந்தது. கலாசாரப் புரட்சியின் காலத்தில் அவர் பல இன்னல்களுக்கு ஆளானார். பல ஆண்டுகள் தேடியபின் ஹேர்ஜே அவர் இருப்பிடத்தை அறிந்தார். 1981 மார்ச் 18 ஆம் திகதி பிரசல்ஸ் விமான நிலையத்தில் 73 வயது நிரம்பிய இருவரும் மீண்டும் சந்தித்தனர். ஹேர்ஜே அவ்வேளை கடும் இரத்த நோயால் மெலிந்திருந்தார். 1983 மார்ச் 3 ஆம் திகதி அவர் காலமானார். சாங் பின்னர் பிரான்ஸில் குடியேறி 1998 இல் மறைந்தார்.

ஹேர்ஜே மறைந்த பின்னரும் கொங்கோக் கதை ஓயவில்லை. 2007 இல் பிரித்தானியாவின் இனச் சமத்துவ ஆணைக்குழு அந்நூலைக் கடைகளிலிருந்து அகற்றவேண்டுமெனக் கோரியது. அதே ஆண்டில் பெல்ஜியத்தில் வசித்த கொங்கோ மாணவர் ஒருவர் தடை கோரி முறைப்பாடு செய்தார். 2012 இல் பெல்ஜிய நீதிமன்றங்கள், இனவெறியைத் தூண்டும் நோக்கம் நூலாசிரியருக்கு இருக்கவில்லை எனக் கூறி வழக்கைத் தள்ளுபடி செய்தன. நோக்கம் இருக்கவில்லை என்பதை நாமும் ஏற்கின்றோம். ஆனால் நோக்கமின்றி இழைக்கப்பட்ட இழிவும் இழிவே. அத்தகைய நூலைத் தடைசெய்து ஒளிப்பதிலும் பார்க்க, அது எக்காலத்தில், எவருடைய தேவைக்காக வரையப்பட்டது என்னும் விளக்கத்துடன் வாசிக்கக் கொடுப்பதே பயன் தரும் என்பது எமது கருத்து. தமது இளமையில் நடுத்தர வர்க்கத்தின் தப்பெண்ணங்களில் ஊறியிருந்ததை ஹேர்ஜேயே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார்.

பத்திரிகையில் பணிபுரியும் எமக்கு இவ்வாழ்க்கை பிறர் கதையாகத் தோன்றவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் நாம் பொறுப்பாயிருந்த பக்கத்தில் அரசியல்வாதி ஒருவரைக் கேலிசெய்யும் கருத்துப்படம் வெளியாயிற்று. தொப்பியும் தாடியுமே அதிற் பெரிதாயிருந்தன. அவருடைய அரசியலை விட அவருடைய சமயமே நகைப்புக்குள்ளாகியிருந்தது. முஸ்லிம் வாசகர் ஒருவர் மிகுந்த பண்புடன் கடிதம் எழுதினார். எமக்கு அன்று அக்கடிதம் எரிச்சலையே தந்தது. அதனை நாம் பிரசுரிக்கவுமில்லை, பதில் எழுதவுமில்லை. அருட்தந்தை கோசேயின் கடிதத்தைப் பற்றி நாம் பின்னர் படித்தபோது எமக்கு வெட்கம் ஏற்பட்டது. தமிழர் அனைவரையும் ஒரே முகத்தினராகக் காட்டும் படங்களையும் பேச்சுகளையும் தென்னிலங்கையில் கண்டு வெதும்பிய நாம், எமது பேனாவும் அதே வேலையைச் செய்தபோது அதனை நகைச்சுவை என்றே எண்ணியிருந்தோம்.

அந்தச் சித்திரக்கதை நூலை எமக்குத் தந்த நண்பரை 1990 ஒக்டோபருக்குப் பின் நாம் கண்டதில்லை. ஆயுதமேந்தியோரின் கட்டளைக்குப் பணிந்து வடக்கின் முஸ்லிம்கள் அனைவரும் வீடு வாசல்களைக் கைவிட்டு வெளியேறிய அந்நாட்களில், அவருடைய குடும்பமும் சென்றுவிட்டது. 1983 ஜூலையில் எமது உறவினர்கள் கொழும்பிலிருந்து அகதிகளாய்க் கப்பலேறி வந்தபோது அவர்களுக்கு உணவு சமைத்துக் கொடுத்த குடும்பம் அது. அவர்கள் சென்ற வீதியின் ஓரத்தில் நாம் நின்றோம். எதுவும் பேசவில்லை. பேசினால் என்ன நேரும் என்ற அச்சம் ஒரு காரணம். அவர்களைப் பற்றி அதுவரை கேட்டுச் சிரித்த கதைகள் எம்மை அறியாமலே எம்முள் வேலை செய்திருந்தமையும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பதை ஏற்க எமக்குப் பல ஆண்டுகள் சென்றன.

அந்நூல் இன்றும் எம்மிடமே இருக்கின்றது. அதன் முதற் பக்கத்தில் நண்பர் தம் பெயரைத் தமிழிலும் அரபிலும் எழுதியிருக்கின்றார். அதனை உரியவரிடம் சேர்ப்பிக்க நாம் இன்னும் தேடிக்கொண்டிருக்கின்றோம்.